நேராக ஓடிய கார்

நாற்பது வருடம் பழமையான என் கார் எப்போதும் இடப்பக்கம் இழுக்கும். ஸ்டீயரிங்கை லேசாக வலப்பக்கம் பிடித்தே ஓட்டிப் பழகிவிட்டேன். “இது உனக்கு அடங்காது லா” என்று சொல்லி, மனைவியிடம் சாவியைக் கொடுத்ததே இல்லை.

போன மாதம் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும், தேய்ந்துபோன டை ராட் முனைகளை நானே மாற்றி, சக்கரங்கள் நேராக ஓட அலைன்மென்ட்டும் செய்துவிட்டு, மனைவியோடு மலேசியாவின் கிழக்குக் கரையிலுள்ள மெர்சிங் ஊருக்குக் கிளம்பினேன். பேச்சு சுவாரசியத்தில் கை பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது. கார் வலப்பக்கம் திரும்பி, எதிரே வந்த லாரியை நோக்கிப் பாய்ந்தது. “அலமாக்!” என்று அலறினேன். எப்படியோ திருப்பி ஓரமாக நிறுத்தினேன்.

“காரு சரியாயிடுச்சுங்க. உங்க கைதான் இன்னும் பழைய காரை ஓட்டுது. இறங்குங்க,” என்றாள் மனைவி.

அவள் ஓட்ட, கார் கோடு போட்டதுபோல் நேராகப் போனது. பக்கத்து சீட்டில் நிம்மதியாகத்தான் உட்கார்ந்திருந்தேன். என் கை மட்டும் முழங்காலைப் பிடித்து வலப்பக்கம் இழுத்துக்கொண்டே வந்தது.