சாமி பெயருக்குப் பின்னால் ஒரு விரிசல்

09.02.2025, ஞாயிறு, பிற்பகல் 3.20 மணி
பயணக் குறிப்பு எண் 17: செவிலிமேடு – ஓரிக்கை – கூரம் (ஓரிக்கையோ கூரமோ போய்ச் சேரவில்லை)

ஓரிக்கை மணிமண்டபத்தையும் கூரம் கோயிலையும் ஒரே காலையில் பார்க்க எண்ணி, செவிலிமேட்டில் உறவினர் வீட்டில் தங்கியிருந்த நானும் என் மனைவியும் ரூ.1,400 பேசி வாடகைக் கார் ஏறினோம். புறப்பட்டது காலை 6.50.

7.02க்கு, கிழக்கே திரும்பியதும் வெயில் நேராக முகத்தில் அடித்தது. முன்கண்ணாடி முழுவதும் வெள்ளையாயிற்று. வீதியில் தறிக்கான பட்டுப் பாவு நூலை நீட்டிக்கொண்டிருந்த இருவருக்கு இரண்டடி முன்னால் கார் குலுங்கி நின்றது. என் மனைவியின் நெற்றி முன் இருக்கையில் மோதி வீங்கியது.

பாவுக்காரர் ஒருவர் ஜன்னலருகே வந்து, "நூல் தெரியலன்னா பரவால்ல. ஆளு கூடவாப்பா தெரியல?" என்றார்.

நான் இறங்கிப் பார்த்தேன். ஓட்டுநரின் பார்வைக்கு நேரே ஒரு சாண் அகலத்தில் சாமி பெயர் ஸ்டிக்கர். அதன் ஓரங்களிலிருந்து மயிரிழைக் கோடுகள் கிளம்பின. மனைவி தடுத்தும் கேட்காமல் நகத்தால் உரித்தேன். உள்ளே சிலந்தி வலை போல விரிசல். இதை வைத்துக்கொண்டா வண்டி ஓட்டுகிறீர் என்று கத்தினேன்.

"எஃப்.சி. பாத்து பன்னெண்டு நாள்தான் சார் ஆவுது," என்றார் ஓட்டுநர். வண்டியின் தகுதிச் சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். 27.01.2025, பதின்மூன்று நாள். சோதித்தவர் கண்ணில் இது படவில்லையா?

"சாமி பேர யாரு சார் உரிக்கச் சொல்லுவாங்க? அதுக்குன்னே ஓனர் ஒட்னாரு. கண்ணாடி மாத்துங்கன்னு ரெண்டு தபா கேட்டேன். வேற டிரைவர் பாத்துக்கிறேன்றாரு. முன்னாடி குந்திக்கினு போறது நான்தான சார்?"

அவரிடம் கத்தியதற்கு வெட்கப்பட்டேன். கோபம் தணியவில்லை, போக வேண்டிய இடத்துக்குப் போனது. உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எந்த டிரைவர் சொன்னான் என்பதையே மூன்று முறை கேட்டார். யாரும் சொல்லவில்லை, நானே கண்டேன் என்றேன். எழுபத்துநான்கு வயதில் தெரிந்தே சொன்ன பொய்.

பக்தியை மறைப்பாக ஒட்டியவர் ஒருவர். அதைத் தொடத் தயங்கி முத்திரை குத்தியவர் இன்னொருவர். இடையில் வீதியில் நின்றவர்களின் உயிர்.

ஆட்டோவில் (ரூ.120) திரும்பினோம். பயணம் திட்டமிடுவோர் ஏறுமுன் வெளியே நின்று கண்ணாடியை வெயிலுக்கு எதிரே பாருங்கள். ஸ்டிக்கர் இருந்தால் உள்பக்கம் விரலால் தடவுங்கள். சான்றிதழ்த் தேதியை மட்டும் நம்பாதீர்கள்.

போக்குவரத்து அலுவலகத்துக்கு இன்று எழுதிய புகாருடன் இணைத்தவை:
1. கண்ணாடியின் படங்கள், உரித்த பின், இரண்டு.
2. தகுதிச் சான்றிதழின் படம்.
3. மனைவியின் மருத்துவச் சீட்டு.
4. உரிமையாளரின் பெயர், வண்டி எண்.

ஓட்டுநரின் பெயர் கேட்டு அங்கிருந்து கடிதம் வந்தால், நான் கேட்டுவைக்கவில்லை என்று பதில் எழுதுவேன்.