வழுதக்காட்டு மாடியில் கிதார் சனிக்கிழமைகள்

போன மாதம் ஓர் உறவுக்காரர் கல்யாணத்துக்காகத் திருவனந்தபுரம் போயிருந்தேன். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. தம்பானூரில் ஒரு பேக்கரிக்குள் நுழைந்தால் கண்ணாடிப் பெட்டியில் வட்டயப்பம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அரிசி மாவையும் தேங்காயையும் அரைத்துப் புளிக்கவைத்து, சர்க்கரை சேர்த்து, தட்டில் ஊற்றி ஆவியில் வேகவைப்பது. மேலே உலர்திராட்சை பதித்திருக்கும். கடைக்காரர் பெட்டியைத் திறந்ததும் புளித்த மாவும் ஏலக்காயும் கலந்த வாசனை வந்தது. எனக்கு உடனே கிதார் ஞாபகம் வந்துவிட்டது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு இரண்டும் ஒரே மாடியில்தான் கிடைத்தன.

அப்போது நான் கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தேன். மற்றவர்கள் எழுதிய நிரலில் தப்பு கண்டுபிடிப்பது என் வேலை. அந்தப் புத்தி ஆபீசோடு நின்றிருந்தால் நன்றாயிருக்கும். ஹாஸ்டலிலும் அதையே செய்ததால் சனிக்கிழமைகளில் என்னை யாரும் சினிமாவுக்குக் கூப்பிடுவதில்லை. மார்த்தாண்டத்திலிருந்து அம்மா போன் செய்வாள். "லீவு நாளு வீட்டுக்கு வராம அங்க தனியா என்ன மக்களே செய்யிய?" என்பாள். ஒன்றும் செய்யவில்லை என்பதே உண்மை.

அப்படியொரு சனிக்கிழமை வழுதக்காட்டில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு தையல் பள்ளிக்கூடத்தின் படியில் ஒதுங்கினேன். மாடியிலிருந்து அந்த வாசனை வந்தது. படியேறிப் போனேன். பிளாஸ்டிக் நாற்காலிகளில் முப்பது பேர் இருந்தார்கள். நடுவில் ஒருவர் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு மழை விடுவதற்காகக் காத்திருந்தார். தகரக் கூரை, மழை பெய்தால் ஒன்றும் கேட்காது. வாசலில் நின்றிருந்த அம்மாள் என் கையில் ஒரு தட்டைக் கொடுத்து, "இரிக்கு மோளே" என்றார். உட்கார்ந்தேன். அடுத்த மூன்று வருஷம் போய்க்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாள் லிஸி சேச்சி. அவர் கணவர் ஸ்டீபன் சார்தான் கச்சேரிகளை நடத்தியவர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாகர்கோவில் கிளையில் பல வருஷம் இருந்ததால் அவர் தமிழ், மலையாளமும் குமரி வழக்கும் பாதிப் பாதியாக இருக்கும். கிதாரில் ஒரு தந்தியைக்கூட மீட்டத் தெரியாது. கேட்க மட்டும் தெரியும். மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஒரு கலைஞர் வருவார். ஒரு மாதம் கிளாசிக்கல், மறு மாதம் ஜாஸ். கிளாசிக்கல் கிதாருக்கு நைலான் தந்தி, மைக் கிடையாது. விரலால் மீட்டும் அந்தச் சின்னச் சத்தத்துக்காக மின்விசிறியைக்கூட நிறுத்திவிடுவோம். வியர்வையோடு கேட்பதும் ஒரு பக்தி. ஜாஸ்காரர்கள் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் பெட்டியோடு வருவார்கள். அன்று மின்விசிறியும் ஓடும், மழையும் பெய்துகொள்ளலாம்.

நான் நாற்காலி போடுபவளாகவும், பிறகு கலைஞரை அறிமுகம் செய்பவளாகவும் பதவி உயர்ந்தேன். முதல் தடவை வந்தவரின் பெயரையே தப்பாகச் சொன்னேன். அவர் எழுந்து வணங்கிவிட்டு, "அவர் வரவில்லை, அவருக்குப் பதில் நான் வாசிக்கிறேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தப்பு கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

முதல் வரிசையில் இரண்டு நாற்காலிகள் நிரந்தரம். ஒன்று ஸ்டீபன் சாருக்கு. பக்கத்தில் கரமனை அக்ரஹாரத்திலிருந்து பஸ்ஸில் வரும் நீலகண்டன் மாமா. மாமாவுக்குக் கிளாசிக்கல்தான் உயிர். ஜாஸ் மாதங்களில் வர மாட்டார். "வீணை கேட்ட செவிக்கு அது ஆகாதுடி கொழந்தே" என்பார்.

மூன்றாவது வருஷம் ஒரு கிளாசிக்கல் மாலை. மாமா அன்று ஏதோ விசேஷமென்று வரவில்லை. அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். கோவாவிலிருந்து வந்தவர் கண்ணை மூடி மிக மெல்ல வாசித்துக்கொண்டிருந்தார். வாசிக்கத் தொடங்கி இரண்டு மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். ஸ்டீபன் சார் என் பக்கம் சாய்ந்து, ஹால் முழுக்கக் கேட்கும் குரலில், "தொடங்கியோ?" என்றார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வாசித்தவரும் கண்ணைத் திறந்தார். சார் வேடிக்கை செய்ததுபோலச் சிரித்துச் சமாளித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எல்லோரும் போனபின் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே கேட்டேன்.

"வலது காது எப்பவோ போயி மோளே," என்றார். "இடதும் போய்க்கிட்டு இருக்கு. காது மிஷின் வச்சுப் பாத்தேன். பேச்சு கேக்குது. கிதார் கேட்டா, தகரத்துக்குள்ள கொசு பறக்கிற மாதிரி இருக்கு. லிஸிக்கு மட்டும் அறியும். நீ ஆர்கிட்டயும் பறயண்டா."

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன்.

அடுத்த மாதம் ஜாஸ். அதற்கடுத்த மாதம் கிளாசிக்கல் வரவேண்டும், வந்தது ஜாஸ். அதற்கும் அடுத்த மாதமும் ஜாஸ்தான். சார் தன் நாற்காலியை ஆம்ப் பெட்டிக்கு ஒட்டிப் போட்டுக்கொண்டார். இடது காதைப் பெட்டியின் பக்கம் திருப்பி, முழங்காலில் தாளம் போட்டபடி இருப்பார். அவர் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வராது. ஆனால் யாரும் முகத்தைப் பார்க்கவில்லை, நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார்கள்.

நான்காவது ஜாஸ் மாலைக்கு நீலகண்டன் மாமா வந்தார், கேட்க அல்ல. படிக்கட்டிலேயே சாரை நிறுத்திப் பத்துப் பேருக்கு முன்னால் சத்தம் போட்டார். ஐ.டி. பிள்ளைகளைப் பிடிக்க வேஷம் கட்டுகிறாய், உனக்கு இசையும் தெரியாது, மரியாதையும் தெரியாது, முட்டாள் என்று மலையாளத்தில் சொன்னார். சாருக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது. "சாய குடிச்சிட்டுப் போகாம்" என்று டீக்குக் கூப்பிட்டார். மாமா போய்விட்டார். அவரோடு ஏழெட்டுப் பேர் வருவதை நிறுத்தினார்கள். முப்பது பேர் கூட்டத்தில் எட்டு என்பது பெரிய ஓட்டை.

ஒரு வாரம் யோசித்தேன் என்று சொல்ல ஆசைதான். இரண்டே நாளில் பஸ் ஏறிக் கரமனைக்குப் போய்விட்டேன். மாமா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உட்காராமலே சொல்லி முடித்தேன். அவர் பேப்பரை மடித்தார். திரும்பப் பிரித்தார். மறுபடி மடித்தார்.

"பத்துப் பேருக்கு முன்னாடி முட்டாள்ன்னேன் அவனை," என்றார். பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, "எங்கிட்ட ஏன் பறயலை அவன்? அத்தனை வருஷமாப் பக்கத்துலே உக்காந்திருக்கேனே" என்றார்.

அடுத்த ஜாஸ் மாலைக்கு மாமா வந்தார். இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு, ஆம்ப் பெட்டிக்குப் பக்கத்தில், சாருக்கு அடுத்த நாற்காலியில் கடைசிவரை அசையாமல் இருந்தார். சார் ஒருமுறை மாமாவின் காதிலிருந்த பஞ்சைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

முடிந்ததும் அருகில் வந்து, "நீ பறஞ்சு, இல்லே?" என்றார்.

"ஆமா சார்."

நாற்காலிகளை அன்று அவரே அடுக்கினார். அடுத்த மாதத்துக்கு எனக்கு அழைப்பு வரவில்லை. நான் போகவுமில்லை. அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போனேன். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ஆறு மணிக்கு நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

பிறகு லிஸி சேச்சி போன் செய்தார். "கிளாசிக்கல் வருது. நாலு மணிக்கு வா. அச்சாயன்தான் கூப்பிடச் சொன்னாரு." சாரை அவர் அச்சாயன் என்றுதான் சொல்வார்.

போனபோது ஹாலில் நான்கே பேர்: சார், சேச்சி, மாமா, பெங்களூரிலிருந்து வந்த ஓர் இளம் பெண் கிதார்க் கலைஞர். ஏற்பாடு மாமாவுடையது. அந்தப் பெண்ணிடம் முன்பே போனில் விஷயத்தைச் சொல்லியிருந்தார். சந்தடியான இடத்தில் சுருதி சேர்க்கும்போது தாடையைக் கிதாரின் மரத்தில் வைத்துக் கேட்பது கிதார்க் கலைஞர்களுக்குப் பழக்கமாம். எலும்பு வழியாகச் சத்தம் ஏறுமாம். அந்தப் பெண் சாரைத் தன் இடப்பக்கம் ஒரு முக்காலியில் உட்காரவைத்து, கிதாரின் நுனியில், தந்திகளை முறுக்கும் இடத்துக்குப் பக்கத்தில், தாடையை அழுத்திவைக்கச் சொன்னார். பிறகு வாசித்தார்.

கீழே தையல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மெஷின்களின் சத்தத்தில் எங்களுக்குப் பாதிதான் கேட்டது. சார் கண்ணை மூடவில்லை, தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசித்து முடித்ததும் அந்தப் பெண் காத்திருந்தார். மாமாவால் பொறுக்க முடியவில்லை.

"கேட்டதா ஓய்?"

"எல்லாம் இல்ல," என்றார் சார். "அடித் தந்தி நல்லாக் கேக்குது. மேல உள்ளது கொஞ்சம் கொஞ்சம். பாக்கி நான் போட்டுக்கிட்டேன். இந்தப் பாட்டு எனக்கு அறியுமே."

லிஸி சேச்சி பாத்திரத்தை எடுப்பதுபோல உள்ளே போய்விட்டார்.

ஆறு மணிக்குக் கூட்டம் வந்ததும் சாரே முன்னால் நின்றார். "எனக்குக் காது போயாச்சு. அதான் ஜாஸா வச்சேன். தப்பு. இனிப் பழையபடி ஒரு மாசம் அது, ஒரு மாசம் இது. கிளாசிக்கல் அன்னைக்கு நான் சாய குடுக்கேன். லிஸி உக்காந்து கேக்கட்டும். இத்தனை வருஷம் அவ ஒரு பாட்டும் முழுசாக் கேட்டதில்ல."

அது உண்மை. எங்களில் ஒருவருக்கும் அதுவரை தோன்றவில்லை.

சார் என்னை மன்னித்தாரா என்று கேட்காதீர்கள். அறிமுகம் செய்யும் வேலை திரும்பக் கிடைத்தது. வட்டயப்பத்தில் திராட்சை அதிகமுள்ள துண்டும் கிடைத்தது. ஆனால் அதற்குப் பிறகு அவர் என்னிடம் ரகசியமென்று எதையும் சொன்னதில்லை.

எனக்குச் சென்னைக்கு மாற்றலானது. நீலகண்டன் மாமா போய்ச் சேர்ந்த செய்தி அங்கேதான் வந்தது. பிறகு சாரும் சேச்சியும் மகளோடு இருக்கக் கோட்டயம் போனார்கள். கச்சேரிகளை இரண்டு இளைஞர்கள் தொடர்ந்து நடத்துவதாக ஏற்றுக்கொண்டார்கள். மூன்று மாலைகள் நடத்தினார்கள். அத்தோடு நின்றது. சாரிடம் அதைச் சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை.

பேக்கரியிலிருந்து ஆட்டோ பிடித்து வழுதக்காட்டுக்குப் போனேன். தையல் பள்ளிக்கூடம் இல்லை. மாடியில் தகரக் கூரையை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். கதவிடுக்கில் எட்டிப்பார்த்தேன். வரிசை வரிசையாகப் பிள்ளைகள், தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். வாசலில் இருந்த காவலாளி என்ன வேண்டும் என்றார். இங்கே கிதார்க் கச்சேரி நடக்குமே என்றேன். "கிதாரோ? இவிடயோ?" என்று சிரித்தார்.

படியில் நின்று சாருக்கு ஒரு செய்தி அனுப்பினேன். இப்போது போனில் பேசினால் அவருக்கு ஒன்றும் கேட்பதில்லை. எழுதித்தான் அனுப்ப வேண்டும். "சார், இன்னிக்கு நம்ம ஹாலுக்கு வந்தேன்."

உடனே பதில் வந்தது. "ஆளுண்டோ?"

மாடியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு எழுதினேன்: "நெறஞ்சு இருக்கு சார். ஒரு நாற்காலிகூடக் காலியில்ல."