ஹம்சாவின் நகங்கள்

மாடி வீட்டு ஹம்சா எதிரே வந்தால் நான் முதலில் அவள் வலது கையைத்தான் பார்ப்பேன். இரண்டு விரலில் நகம் நீண்டிருந்தால் வீணைக் காலம். ஒட்ட வெட்டியிருந்தால் கொலு பொம்மைக் காலம். வீணையை நகத்தால் மீட்ட வேண்டும். பொம்மை செய்யும் களிமண்ணிலோ நகம் பட்டால் மீனாட்சி பொம்மையின் கன்னத்தில் கீறல் விழும். அதனால் ஆவணி பிறந்ததும் வெட்டிவிட்டு, மார்கழிக் கச்சேரிகளுக்குள் வளர்த்துவிடுவாள்.

அடுத்த வீட்டுச் சங்கதியில் மூக்கை நுழைப்பது என் பிறவிக் குணம். இவள் வீணைக்காரியா, பொம்மைக்காரியா என்று எனக்கு ஒரே மண்டைக் குடைச்சல். கேட்டே விட்டேன்.

"தெரியலையே மாமி. தெரிஞ்சா மொதல்ல உங்களுக்குத்தான் சொல்வேன்" என்று சிரித்தாள்.

அவள் கணவர் அனந்தராமன் சிரிக்க மாட்டார். வங்கி உத்தியோகம். "ஏதாவது ஒண்ணை உருப்படியா பண்ணேன்" என்பார்.

தொண்ணூற்றாறில் பிள்ளையார் சதுர்த்தியை ஒட்டி, மாட வீதிப் பக்கத்துச் சபா ஒன்றில் வாசிக்க வேண்டியவருக்குக் காய்ச்சல். ஹம்சாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். மத்தியானக் கச்சேரிகளே வாசித்துவந்த அவளுக்குக் கிடைத்த முதல் மாலைக் கச்சேரி. நகமோ ஏற்கெனவே போயிருந்தது. "இது சரியா வரலேன்னா பொம்மையை விட்டுடறேன்" என்று கணவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

நகத்துக்குப் பதில் விரலில் கம்பி மாட்டிக்கொண்டு வாசிப்பது அவள் கற்ற வழியில் கூடாது. பாண்டி பஜாரில் பிளாஸ்டிக் நகம் வாங்கி ஒட்டிக்கொண்டு மேடையேறினாள்.

வர்ணம் பாதியில் ஒரு நகம் பறந்து மிருதங்கம் வாசித்த கோதண்டபாணியின் மடியில் விழுந்தது. மனிதர் தாளத்தை விடாமல் அதைக் குனிந்து பார்த்தார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஹம்சா இன்னொரு நகத்தையும் பிய்த்து ஓரமாக வைத்தாள். வெறும் விரலால் மீட்டத் தொடங்கினாள்.

நாதம் அடங்கிவிட்டது. கோதண்டபாணி கையைத் தணித்துக்கொண்டார். மீட்டுக்கு வலு இல்லாததால் அவள் எல்லாவற்றையும் இடது கையிடம் விட்டுவிட்டாள். ஒரே மீட்டு, இடது கை தந்தியை இழுக்க இழுக்க அதிலேயே நாலு ஸ்வரம் வழுக்கிக்கொண்டு போனது. அந்த இழுப்பை எங்கேயோ பார்த்திருக்கிறேன். எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

கடைசி வரிசையிலிருந்து அனந்தராமன் எழுந்தார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றே நினைத்தேன். நேரே முன்னால் வந்து, நாற்காலி காலியில்லாமல், ஜமக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

வீடு பக்கம்தான் என்பதால் நடந்தே திரும்பினோம். வீணையை அவர் தூக்கிக்கொண்டார்.

"சொன்னபடி பொம்மையை விட்டுடறேன்" என்றாள் ஹம்சா.

"வேண்டாம்" என்றார் அவர். "பொம்மைக் கன்னத்துக்கு மண்ணை வழிச்சு இழுப்பியே, அதைத்தானே இன்னிக்கு வீணையிலே இழுத்தே?"

ஹம்சா நின்றுவிட்டாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அனந்தராமன் வீணையைத் தோள் மாற்றிக்கொண்டார். "தெனமும் பார்த்துண்டுதானே இருக்கேன்."