முகூர்த்தப் பட்டுப் பிரிவில் ஒரு மொட்டைத் தலை

சூடாமணி தன் தலையைப் பற்றித் தானே எடுத்த முதல் முடிவு, நாற்பத்து மூன்றாவது வயதில் திருப்பதிக்குப் போய் அதை மழித்துக்கொண்டது. அதற்கு முன்னால் அந்தத் தலை வேறு பலருக்குச் சொந்தமாக இருந்தது.

சைதாப்பேட்டைப் பாலத்தை ஒட்டி, அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்தவள். வயதுக்கு வந்ததும் இரட்டைச் சடை கூடாது என்று அப்பன் சொன்னான். கட்டிக்கொண்டவன், முடியை விரித்துப்போட்டு வாசலில் நிற்காதே என்றான். உஸ்மான் சாலையில் நாலு மாடித் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது கடையும் தன் பங்குக்குச் சொன்னது: கொண்டை போட வேண்டும், அதற்கு வலை கட்ட வேண்டும், விசேஷ நாட்களில் இரண்டு முழம் மல்லிகை. பூவைக் கடையே கொடுக்கும். வேண்டாம் என்று சொல்ல முடியாது.

எட்டு வருடத்துக்கு முன் புருஷன் செத்தான். காரியம் முடிந்து அவள் வேலைக்கு வந்தது ஒரு விசேஷ நாள். பூக்கூடை அவளைத் தாண்டிப் போயிற்று. வேண்டும் என்று சொல்லவும் முடியாது என்பது அன்றுதான் தெரிந்தது. மறுநாள் முகூர்த்தப் பட்டுப் பிரிவிலிருந்து அவளைக் காட்டன் பிரிவுக்கு மாற்றினார்கள்.

"நான் ஒண்ணும் நெனைக்கல, சூடாமணி. கல்யாணப் புடவை எடுக்க வாரவுக நெனைப்பாவல்லா" என்றார் தள மேலாளர் அய்யாதுரை. திருநெல்வேலிக்காரர். குரலை உயர்த்தாமலே ஆளைக் கீழே இறக்கத் தெரிந்தவர்.

கல்யாணப் பட்டை அவளைப்போல விற்க அந்தத் தளத்தில் ஆள் கிடையாது. புருஷன் செத்ததும் இவள் கையும் செத்துவிட்டதா என்று கேட்க, கூட நின்ற இருபது பெண்களில் ஒருத்திக்கும் வாய் வரவில்லை. எல்லோரும் புடவை மடித்துக்கொண்டிருந்தார்கள். சூடாமணி வாயை மூடிக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போனாள். இரண்டு வருடம் கழித்து, பட்டு விற்பனை படுத்ததும், அவளைச் சத்தமில்லாமல் மேலே கூப்பிட்டுக்கொண்டார்கள். "நெத்தியில ஒரு ஸ்டிக்கர் பொட்டு வச்சுக்கோம்மா, யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் அதே அய்யாதுரை.

அவள் வேலை காட்டுவது. புடவையைத் தன் தோளில் போட்டு, மடிப்பெடுத்து, கல்யாணப்பெண் கண்ணாடியில் பார்க்கிற மாதிரியே தன்மேல் காட்ட வேண்டும். சௌகார்பேட்டை சேட்டு வீட்டார் வந்தால் முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துக் காட்டுவாள். சாந்தோமில் கல்யாணம் என்றால் வெள்ளை வலைத்துணியை உச்சியில் பிடித்துக்கொண்டு நிற்பாள். நிக்காஹ் என்றால் ஜரிகைத் துப்பட்டா நெற்றிவரை இறங்கும். ஒரே மதியத்தில் மூன்று மதத்துக்கும் மணப்பெண்ணாக நின்றிருக்கிறாள். விலைச்சீட்டு தொங்கும்வரை, தலையில் எந்தத் துணி இருந்தாலும் கடைக்கு உறுத்தியதில்லை.

போன மழைக்காலத்தில் மகள் நிஷாவுக்கு டெங்கு வந்தது. பதினொரு நாள். காப்பாற்றியது அரசு ஆஸ்பத்திரி டாக்டர்களும், யார் யாரோ வந்து கொடுத்த ரத்தமும். சூடாமணி நன்றியைப் பெருமாளுக்குச் சொன்னாள். தலை அவளுடையது, யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். இந்தப் புரட்டாசி முதல் வாரம் மொட்டை போட்டுக்கொண்டு, கடைச் சீருடைக்குப் பொருத்தமாக ஒரு அரக்குத் துணியைத் தலையில் இறுக்கிக் கட்டி வேலைக்கு வந்தாள். அய்யாதுரை கையெடுத்துக் கும்பிட்டார். "பெருமாள் காரியம்லா. கட்டிக்கிடு, கட்டிக்கிடு."

அதற்கு மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, வஜீஹா விஷயம் வந்தது.

வஜீஹா திருவல்லிக்கேணிப் பெண். இருபத்து மூன்று வயது. நாலாவது மாடியில் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கிறவள். சேர்ந்த நாளிலிருந்து தலையில் கறுப்புத் துணி. மேலே தையல் மெஷின்களுக்கு நடுவில் அதை யாரும் பார்க்கவில்லை. தீபாவளிக் கூட்டம் தொடங்கியதும் பட்டுப் பிரிவில் ஆள் போதவில்லை. மேலிருந்து நாலு பெண்களை அய்யாதுரை இறக்கினார். மூன்று பேர் வந்து நின்றார்கள். நாலாவது ஆள் படிக்கட்டிலேயே நிறுத்தப்பட்டாள்.

"தளத்துல தலையில துணி கூடாது. எடுத்துட்டு வா. இல்லன்னா அஞ்சு மணிக்கு அண்ணாச்சி வருவாவ, பேர அடிச்சிருதேன்."

அண்ணாச்சி என்பது முதலாளி. வஜீஹாவின் அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் பார்வை மங்கிவிட்டது. தங்கை அதீபா கல்லூரியில் கடைசி வருடம். வீட்டில் சம்பளம் வாங்குகிற கை இவளுடையது மட்டும். இது அய்யாதுரைக்கும் தெரியும். தெரிந்துதான் ஐந்து மணி என்று கெடு வைத்தார்.

நாலரை மணிக்கு அவர் சூடாமணியிடம் வந்தார். "பொம்பளைக்குப் பொம்பளை நீ சொன்னா கேப்பா. நல்ல புள்ள. வேலைய கெடுத்துக்கிட வேண்டாம்னு சொல்லு."

சூடாமணி போனாள். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டுதான் போனாள். உடை மாற்றும் அறைக்குள் வஜீஹாவை இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"இன்னாமே, முர்ண்டு புட்சிக்கினு நிக்கிறியாமே? எட்த்துடு. வாசல் தாண்டினதும் கட்டிக்கோ. அல்லா இன்னா, உஸ்மான் ரோட்டுக்கு வந்து உன் மண்டைய எட்டிப் பாத்துகினு இருக்கப் போறாரா? கடைல எல்லாருக்கும் ஒரே ரூல்."

வஜீஹா கண்ணாடியில் தெரிந்த சூடாமணியின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா பாக்குற?"

"ஒரே ரூல்னு சொன்னீங்களே அக்கா. அதான் பாக்கறேன்."

சூடாமணியின் கை தானாக மேலே போயிற்று. தொட்ட பிறகுதான் அங்கே ஒரு துணி இருப்பது நினைவுக்கு வந்தது. மூன்று வாரமாகக் கட்டுகிறாள். அதைத் துணி என்று அவள் ஒருநாளும் எண்ணியதில்லை; மொட்டை என்றுதான் எண்ணியிருந்தாள்.

"இது வேண்டுதல்மே. அது வேற."

"சரிக்கா."

அந்த 'சரிக்கா'வில் கோபம்கூட இல்லை. அதுதான் குத்திற்று.

"வூட்ல யார்னா அட்ச்சுக் கட்டச் சொல்றாங்களா? அப்படின்னா சொல்லு, நான் வந்து பேசறேன்."

"அதீபா கட்டறதில்ல. அப்பா ஒரு வார்த்தை சொன்னதில்ல. நான் பதினேழு வயசுல நானாக் கட்டினேன். என்னிக்காவது வேணாம்னு எனக்குத் தோணினா எடுப்பேன். இவர் எடுன்னு சொல்லி எடுத்தா, நாளைக்குக் கட்டுன்னாலும் கட்டணும் இல்ல?"

வெளியே அய்யாதுரை கதவைத் தட்டினார். "மணி நாலே முக்கால்."

வஜீஹா கண்ணை மூடித் திறந்தாள். "அதீபாவுக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கு அக்கா. எடுத்துடறேன். நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கங்க."

சூடாமணி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். முதல் ஊசி மேசைமேல் விழுகிற சத்தம் கேட்டது. இரண்டாவது ஊசி தரையில் உருண்டது. அந்தச் சத்தத்தில் சூடாமணிக்குப் பூக்கூடை நினைவுக்கு வந்தது. தன்னைத் தாண்டிப் போன கூடை. தலைகுனிந்து புடவை மடித்த இருபது பேர். இப்போது தானும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

குனிந்து ஊசியைத் தேடி எடுத்தாள். பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினாள்.

"குத்திக்கோ."

"அக்கா, மணி..."

"குத்திக்கோன்றேன். மேல போயி உன் மெஷின்ல குந்து. யார் கூப்ட்டாலும் எறங்காத."

பிறகு தன் தலைத்துணியின் முடிச்சை அவிழ்த்தாள். நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். முகூர்த்தப் பட்டுப் பிரிவுக்கு நடந்தாள்.

மூன்று வார முடி, தேய்ந்த பிரஷ் மாதிரி, விளக்கொளியில் பளபளத்தது. அவள் நடக்க நடக்கத் தளத்தில் பேச்சு அறுந்து அறுந்து விழுந்தது. அவளுக்காகக் காத்திருந்தவர்கள் மயிலாப்பூர் மாடவீதிக் குடும்பம். தாயும், கல்யாணம் நிச்சயமான மகளும். தாய் பெயர் சுப்புலக்ஷ்மி; ஆறு வருடமாகச் சூடாமணியிடம்தான் பட்டு எடுக்கிறவர்.

"என்னடி இது!" என்றார் மகள் காதில், எல்லோருக்கும் கேட்கும்படி. "நல்ல காரியத்துக்கு வந்திருக்கோம். எதிர வந்து இப்படி நின்னா? ஆத்துல கேட்டா என்ன சொல்றது? எழுந்திரு, வேற கடைக்குப் போலாம்."

"அம்மா, திருப்பதி மொட்டைதானேம்மா..."

"தெரியறது. மூடிண்டு நிக்கலாமோன்னோ?"

போய்விட்டார்கள். அய்யாதுரை ஓடிவந்தார். மூச்சு வாங்கிற்று.

"என்னம்மா கூத்து இது? துணி எங்க? கட்டு!"

"தளத்துல தலைல துணி கூடாதுன்னீங்களே, சார்."

"அது அந்தப் புள்ளைக்குல்லா சொன்னேன்!"

"எல்லாருக்கும் ஒரே ரூல்னு நானும் நெனச்சிகினு இருந்தேன்."

"வெளையாடாத, சூடாமணி. நாளையிலேருந்து காட்டனுக்குப் போ."

"போன தபா போவச் சொன்னீங்க, போனேன். இந்த தபா போவ மாட்டேன். வேலைய வுட்டுத் தூக்கணும்னா தூக்கிடுங்க."

காட்டும் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஆற்றங்கரைக் குடிசைக்கு மாற்றாக வீடு கொடுத்த பெரும்பாக்கத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். போய் நிஷாவிடம் என்ன சொல்வது என்று தெரியாது. பின்னால் இருபது பெண்கள் புடவை மடித்துக்கொண்டிருந்தார்கள். வழக்கம்போல.

அண்ணாச்சி வந்தார். விஷயத்தைக் கேட்டார். அவளை ஏறிட்டுப் பார்த்தவர், உடனே பார்வையைத் தாழ்த்தினார். புரட்டாசி முழுக்க விரதம் இருக்கிறவர்; சனிக்கிழமை தவறாமல் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்.

"நீ கட்டிக்கோம்மா. உன் விஷயம் வேற."

"இன்னா வேற, அண்ணாச்சி?"

அவரிடம் பதில் இருந்தது, இருந்ததால்தான் வாயால் சொல்ல முடியவில்லை. "அந்தப் பொண்ணு மேலயே இருக்கட்டும். தீபாவளி முடிஞ்சு பாப்போம்" என்றுவிட்டு லிஃப்டில் ஏறினார். தீபாவளி முடிந்ததும் இரண்டு பேருக்கும் வேலை போய்விடும் என்பது தளத்தில் எல்லோருக்கும் புரிந்தது.

புதன், வியாழன், வெள்ளி. சூடாமணி வெறும் தலையோடு முகூர்த்தப் பட்டில் நின்றாள். இரண்டு குடும்பம் அவளைப் பார்த்ததும் நகர்ந்தது. ஒரு மாமனார் 'சகுனம்' என்று முணுமுணுத்தார். ஒரு மணப்பெண், "ஏன் இப்படி நிக்கறீங்க?" என்று நேராகவே கேட்டாள், சூடாமணி நேராகவே சொன்னாள். வெள்ளிக்கிழமைக்குள் கதை கீழ்த்தளம்வரை இறங்கி, வாசலில் பூக் கட்டுகிறவள்வரை போய்விட்டது.

அய்யாதுரை மாடிக்கும் கீழுக்குமாக அலைந்தார். அவளை விரட்டச் சொல்லி முதலாளியிடம் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் ஒரே பதில்: "பெருமாளுக்கு முடி குடுத்தவள புரட்டாசியில வெளிய தள்ளுனேன்னு எம்பேர்ல வரணுமாவே?"

சனிக்கிழமை காலை அண்ணாச்சி கோயிலிலிருந்து நேரே கடைக்கு வந்தார். நெற்றியில் நாமம் ஈரமாக இருந்தது. முகூர்த்தப் பட்டுப் பிரிவில் அந்தத் தலை நின்றது. காலியான மேசைக்குப் பின்னால், பெருமாளுக்குக் கொடுத்த அந்த மொட்டை, தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கையில், ஒரு வாடிக்கையாளர்கூட இல்லாமல் நின்றது. அதை விரட்டினால் பாவம். வைத்திருந்தால் வியாபாரம் போகிறது. மூடச் சொன்னால் மேல்மாடியில் இருக்கிற இன்னொரு தலையையும் மூடியபடியே தளத்துக்கு இறங்க விட வேண்டும்.

அவர் மனம் மாறவில்லை. பயந்தார். நியாயம் நாலு நாள் வாசலில் நின்றும் உள்ளே விடாத மனிதர், சகுனத்துக்குக் கதவு திறந்தார்.

பதினொரு மணிக்கு அய்யாதுரை இரண்டு அரக்குத் துணிகளைக் கொண்டுவந்தார், சீருடை நிறத்திலேயே. "கடை நெறத்துல இருந்தா தலையில கட்டலாம்னு அண்ணாச்சி சொல்லிட்டாவ. எல்லாரும். தீபாவளிக்குப் பொறவும்" என்றார், யாருக்கோ சொல்வதுபோல.

"வாயால சொன்னா பத்தாது, சார். நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க."

ஒட்டினார்.

வஜீஹா கறுப்புத் துணியை மாற்றி அரக்கு கட்டிக்கொண்டு படியிறங்கி வந்தாள். ஊசி நேராகக் குத்தியிருந்தது. வந்து சூடாமணிக்குப் பக்கத்தில் நின்றாள். மடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.

"நீயும் கட்டிக்கிடும்மா" என்றார் அய்யாதுரை, மற்ற துணியை நீட்டி. இந்தத் தடவை கெஞ்சல்.

"வேணா, சார்."

"அதான் கேட்டதெல்லாம் குடுத்தாச்சுல்லா!"

"கட்டலாம்னு தானே சார் நோட்டீஸு? கட்டணும்னு இல்லியே. காத்தாட கீது. நல்லா கீது."

அவர் வாயைத் திறந்தபோது சௌகார்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் வந்து மெத்தையில் உட்கார்ந்தது. மூத்த பெண்மணி முக்காடு போட்டிருந்தார். சிவப்புப் பனாரஸ் ஒன்றைத் தொட்டு, தலைமேல் போட்டால் எப்படி இருக்கும் என்று கையால் சாடை காட்டினார். மொட்டைத் தலையைப் பார்த்தார். அவர் கவலை ஜரிகையைப் பற்றி மட்டும்.

சூடாமணி புடவையை உதறித் தோளில் போட்டாள். வஜீஹா மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தாள். முந்தானை முள்ளாக முளைத்திருந்த முடியின்மேல் ஏறி, நெற்றியில் இறங்கி நின்றது. பிறகு அவள் மெதுவாக அய்யாதுரை பக்கம் திரும்பினாள்.

"சார், தலைல துணி போட்டுக்கினு இருக்கேன். கடை நெறம் இல்ல. பரவால்லியா?"

வஜீஹா சிரித்துவிட்டாள். அய்யாதுரை கீழ்த்தளத்துக்கு அவசர வேலையாகப் போனார்.