காட்டனில் கரண்ட் பாயாது

எங்கள் பனியன் கம்பெனி அயர்ன் மாஸ்டர் ஒல்லியான ஆள். காதோரம் எப்போதும் ஒரு நூல் பிசிறு ஒட்டியிருக்கும். யாரைப் பார்த்தாலும் முதலில் சட்டை நுனியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்ப்பார். சுத்தக் காட்டன் என்றால் முகம் மலரும். பாலியஸ்டர் என்றால் கையை வெடுக்கென்று எடுத்துக்கொள்வார்.

கம்பெனி எலக்ட்ரீஷியனான நான் ஒருநாள் அவர் வீட்டு ஃபேனைச் சரிபார்க்கப் போனேன். அங்கே மிக்ஸி ஒயரைப் பார்த்துப் பதறிவிட்டேன். தோல் உரிந்த இடத்தில் பனியன் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தார்.

"காட்டன்ல கரண்ட் பாயாதுங்க. பாலியஸ்டர் சட்டையக் கழட்டுனா சடசடன்னு பொறி பறக்குதுங்கள்ல? அதுலதானுங்க கரண்ட் இருக்குது. கம்பெனியில எல்லார்த்துக்கும் தெரியுமுங்க."

எல்லோருக்கும் சொன்னவரே அவர்தான்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் துணியை அவிழ்த்தேன். "ஈரம் பட்டா காட்டன்லயும் பாயுமுங்க மாஸ்டர். கை வேர்வையே போதும். ஒயரைத்தான் மாத்தோணும்." புது ஒயரும் போட்டுக் கொடுத்தேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

மறுவாரம் டீக்கடையில் அவரைச் சுற்றி ஒரு கூட்டம். "ஈரத்துணிதானுங்க ஆபத்து. வெயில்ல நல்லாக் காஞ்ச காட்டனைச் சுத்திட்டா ஒண்ணும் ஆகாதுங்க" என்று விளக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பூரித்துப்போனார். "நானாச் சொல்லலீங்க, எலக்ட்ரீஷியனே சொன்னது. இதா, அவரே வந்துட்டாருங்க!"

"அய்யோ, இல்லீங்க..." என்று நான் சொல்லி முடிப்பதற்குள் என் சட்டை நுனியைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னார்:

"பாத்துக்குங்க, அவரே காட்டன்தான் போட்டிருக்காரு!"