பஸ்லாவின் வியாழக்கிழமைக் களிமண்

வாசலிலேயே சுளகை நீட்டிக்கொண்டு நிற்கிறார் டொக்டர் பஸ்லா. உள்ளே போகிறவர்கள் கைப்பேசி, பேனை, கோப்பு எல்லாவற்றையும் அதில் போட்டுவிட வேண்டும். "கைய மட்டும் கொண்டு வாங்க. மத்ததெல்லாம் இங்க ஈக்கட்டும்."

மாத்தளையில் ஒரு மிளகு ஆராய்ச்சி நிலையத்தில் அவர் விஞ்ஞானி. வியாழன் பின்னேரங்களில் சக விஞ்ஞானிகளைக் களிமண்ணோடு விளையாட விடுவது அவராக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. அலுவிகாரையிலுள்ள தன் வீட்டில் மண்ணைப் பிசைந்து, ஈரத்துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவருகிறார். நகக்கண்ணில் எப்போதும் மண். "கல்யாண வீட்டுக்கும் இப்படித்தான் போறேன்" என்கிறார். வீட்டுக்குப் போகும் வேன் வந்ததும், விளையாட்டு முடிந்தது என்று கைமணியை அடிப்பார். அதற்குமேல் ஒரு நிமிடமும் தரமாட்டார்.

"எல்லாருக்கும் படிப்பு நெறய ஈக்கி. தெரியாத ஒண்ட மனசால பாக்கத்தான் கூச்சம்." முதல் நாள் மண்ணைக் கொடுத்ததும் ஒருவர் அதன் அமிலத்தன்மை எவ்வளவு என்று கேட்டாராம். சொல்லும்போதே பஸ்லாவுக்குக் கண்ணீர் வரச் சிரிப்பு. கேட்டவர் அன்ஸார்.

அன்ஸாரின் கதைக்கு வந்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். ரத்தோட்டையில் அவர் பிள்ளை மாதிரி வளர்த்த மிளகுக் கொடிகள் போன மழைக்கு வாடிச் செத்தன. காரணம் பிடிபடவில்லை. அதன்பிறகு மனுஷன் புதிதாக ஒரு யோசனையும் சொன்னதில்லை; இடமாற்றம் கேட்டிருக்கிறார். "அன்ஸார் நானா இப்படியே போனா, தன்னால ஏலாதுண்டு நெனச்சிட்டே காலம் முழுக்க ஈப்பாரு" என்றார் பஸ்லா. அன்று பார்க்கப் போயிருந்த எனக்கும் மனசு கனத்தது.

அன்றைய விளையாட்டு இதுதான்: "எல்லாரும் மிளகு வேர். மழ பெய்யுது. ஒங்களுக்கு என்ன நடக்குதுண்டு காட்டுங்க." 'அப்படி இருக்காது' என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது. எனக்கும் ஓர் உருண்டை கிடைத்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது, அதையும் மெச்சினார்.

அன்ஸார் கைகட்டி உட்கார்ந்திருந்தார். பஸ்லா வற்புறுத்தவில்லை. அவர் முன்னால் மண்ணையும் ஒரு கோப்பைத் தண்ணீரையும் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

வெகுநேரம் கழித்து அன்ஸாரின் விரல் மண்ணைத் தொட்டது. வேர்கள் திரண்டன. மேலே தண்ணீர் தெளித்தார், வழிந்து போனது. பக்கத்தில் விரலால் ஒரு வாய்க்கால் கீறி ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் வேரடி சேறானது.

"தண்ணி மேலால வரல்ல டொக்டர்" என்றார் மெதுவாக. "பக்கத்துத் தோட்டத்து வடிகானால ஊறி வந்திருக்குமோ? அந்தக் கான நான் போய்ப் பாக்கவே இல்லியே."

இன்னோர் உருண்டையை இழுத்து அடுத்த கானைக் கீறத் தொடங்கினார்.

வெளியே வேன் ஹோர்ன் அடித்தது. மற்றவர்கள் எழுந்தார்கள். பஸ்லா மணியைத் தூக்கினார். அன்ஸாரின் குனிந்த தலையைப் பார்த்தார். மணியின் நாக்கை விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டு, அப்படியே நின்றார்.