காமனை எழுப்பாத கச்சேரி

மண்டபத்துக்குள் போய் உட்கார்ந்ததும் அண்ணன் மேடையைப் பார்க்கவில்லை. வாசலில் கொடுத்த நிகழ்ச்சித் தாளை இரண்டாக மடித்து, கடைசி வரிக்குக் கீழே கட்டைவிரலை வைத்துக்கொண்டார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அந்த வரியை மட்டும் ஒரே மூச்சில் வாசித்துவிட்டார். 'காமனை எழுப்புதல்' என்று அதில் இருந்தது. அந்தத் தாளுக்கு எழுதிக் கொடுத்தவன் நான்தான். ஹட்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் என்பதால் ஏற்பாட்டுக்காரர்கள் அந்த வேலைக்கு என்னைப் பிடித்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்கு நிகழ்ச்சி. காலமாகிப்போன கூத்துக் கலைஞர்களுக்கு அஞ்சலி. மலையகத்தின் பேர்போன பாடகர்கள் எல்லாரையும் ஒரே மேடையில் ஏற்றுகிறோம் என்று கொழும்புக் குழு ஒன்று ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருந்தது. டீவியில் ஒரு தடவையாவது முகம் தெரிந்தவர்கள்தான் அவர்கள் கணக்கில் நட்சத்திரங்கள். ராகலையிலிருந்து ஒருவர், கொத்மலையிலிருந்து தப்பு மேளம் அடிக்கிற ஒரு குழு, பாட்டுப் போட்டியில் ஜெயித்த ஒரு பெண், இன்னும் நாலைந்து பேர். இருபது வருடத்துக்கு மேல் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்தில் ரதியாக நின்று பாடிய என் அண்ணன் நாலாவது வரிசையில் அண்ணிக்கும் எனக்கும் நடுவில் கழுத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கைக்குட்டைக்குக் கீழே ஒரு துளை இருந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

மாசி மாதம் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும். தவத்தைக் கலைத்த மன்மதனைச் சிவன் நெற்றிக்கண்ணால் எரித்துவிடுவார். பௌர்ணமியன்று அது நடக்கும். புருசனைப் பறிகொடுத்த ரதி ஒப்பாரி வைப்பாள். மூன்றாம் நாள் அவள் கெஞ்சிக் கேட்டு அவன் எழுப்பப்படுவான். ரதியாக வேடம் கட்டுவது எங்களில் ஆம்பிளைதான். விரதமிருந்து, கையில் மஞ்சள் காப்புக் கட்டி, எரித்த நாளில் அழுதவர் எவரோ அவரே மூன்றாம் நாளும் நின்று உயிரைக் கேட்டு வாங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் காப்பை அவிழ்க்கலாம். ஒப்பாரியை மட்டும் பாடிவிட்டு எழுப்பாமல் கலைந்துபோவது எங்கள் பக்கம் நினைத்தும் பார்க்காத காரியம். வீட்டுக்குள் அந்தப் பாட்டை முணுமுணுத்தாலே அடி விழும்.

கச்சேரி நடந்த அந்த வருடம் மாசியில், அண்ணன் ஒப்பாரி பாடி முடித்த மறுநாள் காலையில் இரத்தமாக இருமினார். மத்தியானத்துக்குள் மூச்சு அடைத்துவிட்டது. கண்டி ஆஸ்பத்திரியில் கழுத்தில் துளை போட்டுத்தான் காப்பாற்றினார்கள். அவசரமாக உள்ளே கொண்டு போகும்போது, கையில் என்ன கயிறு, எடுக்க வேண்டும் என்று நர்ஸ் சிங்களத்தில் கேட்டார். வெட்டுங்க மிஸ் என்று நான்தான் சொன்னேன். கத்தரிக்கோலால் வெட்டி குப்பை வாளியில் போட்டார்கள். அண்ணன் விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

தோட்டத்தில் வேறொருவரை நிறுத்தி மன்மதனை எழுப்பிவிட்டார்கள். ஊருக்குக் குறையில்லை. அண்ணனுக்குத்தான் தீரவில்லை. தொண்டைக்குள் கட்டி என்றார்கள், குரலோடு சேர்த்து எடுத்தார்கள். உள்ளே ஒரு சின்ன வால்வு வைத்துவிட்டார்கள், துளையை விரலால் மூடிக்கொண்டால் அதன் வழியாகக் காற்றாக நாலு வார்த்தை வரும். முதல் முதலாக அப்படிப் பேசியபோது, வலிக்குது என்றோ பசிக்குது என்றோ சொல்லவில்லை.

"அழுதது நானு தம்பி. எழுப்புனது வேற ஆளு."

அடுத்த மாசி வரை இருப்பாரா என்று டாக்டரைத் தனியாகக் கேட்டேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினார். அண்ணனுக்கும் அது தெரியும். அதனால்தான் அந்தப் போஸ்டரைப் பார்த்த நாளிலிருந்து போயே ஆக வேண்டும் என்று அவருக்கு ஒரே பிடிவாதம். கூத்து இல்லாத காலத்தில் இந்தப் பாட்டுகளைப் பாடலாமா என்று சில பெரியவர்கள் முறுமுறுத்தார்கள். ஒப்பாரி பாடினால் அதே மேடையில் எழுப்பியும் ஆக வேண்டும் என்று பேசி, கொழும்புக் குழுவை ஒத்துக்கொள்ள வைத்தார்கள். அந்தப் பேச்சில் நானும் இருந்தேன். அண்ணனுக்கு வேண்டியது இவ்வளவுதான். அழுகையையும் எழுப்புதலையும் ஒரே இருப்பில் உட்கார்ந்து கேட்டுவிட வேண்டும். பாடத்தான் முடியாது, கேட்டாலாவது அது தன் கணக்கில் முடிந்ததாக இருக்கும் என்று நம்பினார். அண்ணி அன்றைக்கு விடியவே தலைக்கு ஊற்றிவிட்டு, அவருக்கும் ஊற்றிவிட்டு, வேட்டி கட்டிவிட்டு கூட்டி வந்திருந்தார்.

கச்சேரி மோசம் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். முதல் ஒரு மணி நேரம் பேச்சுக்குப் போனது என்பது உண்மை. யார் யாரோ வந்து விளக்கேற்றினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், போர்த்தியவருக்கே இன்னொருவர் போர்த்தினார். மலையக மக்களின் வேர் என்று பேசிய ஒருவருக்கு மன்மதனுக்கும் அர்ச்சுனனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பின்னால் திரையில் காலமானவர்களின் படங்கள் வந்து வந்து போயின. ஆனால் கொத்மலைக்காரர்கள் தப்பைத் தூக்கியதும் மண்டபம் அதிர்ந்தது. என் முன்னால் இருந்த, நல்லதண்ணி ஊர்ப் பக்கத்துப் பொம்பிளைகள் கால்மாட்டில் பையை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ராகலைக்காரர் பாட வந்தபோது அண்ணனின் முழங்கால் தாளத்துக்கு அசைந்தது. தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பிடித்துப் பிடித்துக் காய்ப்பேறிய கை, தொடையில் மெதுவாகத் தட்டியது. ஆறு மாதத்தில் அவரை அப்படி நான் பார்க்கவில்லை. எனக்குச் சந்தோசமாக இருந்தது. நான் கூட்டி வந்தேன் என்ற பெருமையும் இருந்தது.

இடைவேளையில் தேத்தண்ணி வாங்கப் போனேன். மேடைக்குப் பக்கத்து அறையிலிருந்து ஏற்பாட்டுக் குழுவைச் சேர்ந்த ஒரு கொழும்பு அம்மா என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். பக்கத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த இரண்டு பேர் பிளேட்டில் ரோல்ஸ் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"சேர், நேரம் காணாது. அஞ்சரைக்கு ஹோலைக் குடுக்கோணும், ரிசப்ஷன் ஒண்டு இருக்காம். ஒரு ஐட்டத்தை விடோணும். கடைசி ஐட்டத்தை விட்டா ஏதும் பிரச்சினையா? ஆரோ என்னவோ சொன்னவை, சாமி குத்தம் எண்டு."

ரோல்ஸ் தின்றுகொண்டிருந்த இருவரும் என்னைப் பார்த்தார்கள். தோட்டத்துக்காரன் என்ன சொல்லப்போகிறான் என்று பார்ப்பதாக எனக்குப் பட்டது. அவர்கள் அப்படி நினைத்தே இருக்கமாட்டார்கள். தோட்டத் தொழிலாளர் லயத்துக் காம்பிராவில் பிறந்து படித்து மேலே வந்தவனுக்கு இது ஒரு வியாதி. யார் பார்த்தாலும் நம்மை அளக்கிறார்கள் என்று தோன்றும்.

நான் சிரித்தேன். இன்றைக்கும் அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்கிறது.

"அதெல்லாம் பழைய ஆளுங்க சொல்றது மிஸ். கூத்து வேற, மேடை வேற. விட்டுடலாம், ஒண்ணும் ஆகாது."

"அப்ப நீங்க சொன்னா சரி சேர்" என்று அவர் தாளில் ஒரு கோடு இழுத்தார்.

அந்த நேரத்தில் அண்ணன் நினைவு வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. நாலாவது வரிசையும் மடித்த தாளும் கட்டைவிரலும் கண்ணுக்கு முன்னாலேயே நின்றன. வந்தும் சொன்னேன். சொன்ன பிறகு திரும்பிப் போய், இல்லை மிஸ், அதை மட்டும் விடவேண்டாம் என்று சொல்ல அந்த அறை வாசலுக்கும் எனக்கும் பத்தடி தூரம்தான் இருந்தது. போகவில்லை. எப்படியும் கொஞ்சம் பாடுவார்கள், நாலு வரியாவது பாடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தேத்தண்ணியை ஏந்திக்கொண்டு வந்தேன். அண்ணனால் அதை மெதுவாகத்தான் விழுங்க முடியும். நான் கப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒப்பாரியைப் பாடியது போட்டியில் ஜெயித்த அந்தப் பெண். பளபளக்கிற சேலை, காதில் பெரிய தோடு. ரதியாகப் பொம்பிளை பாடுவதா என்று பின்னால் ஒருவர் முனகினார். பாட ஆரம்பித்ததும் முனகல் நின்றுவிட்டது. அவ்வளவு நல்ல குரல். கீபோர்டை நிறுத்தச் சொல்லிவிட்டு வெறும் உடுக்கோடு பாடினாள். எரிந்துபோனவனின் நெற்றியை, தோளை, கையை ஒவ்வொன்றாகச் சொல்லி அழுகிற இடத்தில் அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணனின் முகத்தில் கண்ணீர் வழிந்தது, அவர் துடைக்கவில்லை. பாட்டு முடிந்தது. ஒருவரும் கைதட்டவில்லை. எங்களில் அந்த இடத்தில் யாரும் தட்டமாட்டார்கள், எழும்பமாட்டார்கள். எழுப்புகிற வரைக்கும் இருந்த இருப்பில் இருப்பார்கள்.

அறிவிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"உங்கள் மௌனத்தையே மிகப் பெரிய கைதட்டலாக ஏற்றுக்கொள்கிறோம். இத்துடன் இந்த அஞ்சலி இனிதே நிறைவடைகிறது."

யாரும் அசையவில்லை. அவர் சொன்னது ஒருவருக்கும் உறைக்கவில்லை. மேடை ஓரத்தில் எழுப்பும் பாட்டுக்காக வந்திருந்த இரண்டு வயதானவர்கள், வேட்டியை மடித்துக் கட்டி, விபூதி பூசி, தயாராக நின்றார்கள். கொத்மலைக்காரர்கள் தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு சைகைக்குக் காத்திருந்தார்கள். குழுவிலிருந்து ஒருவர் போய் அவர்கள் காதில் என்னவோ சொன்னார். ஒரு வயதானவர் கையை விரித்தார். மேடை விளக்குகளை அணைத்தார்கள்.

முன்வரிசைப் பொம்பிளை ஒருத்தி எழும்பி நின்றாள். "எழுப்பலைங்களே! எழுப்பாம எப்புடிங்க போறது?"

"அழ வச்சுட்டு அப்புடியே அனுப்புறீங்களே, நல்லா இருக்கா இது?" என்று இன்னொரு குரல்.

ஒலிபெருக்கியில் ஏதோ சினிமா இசையைப் போட்டுவிட்டார்கள். மண்டபத்து ஆட்கள் பின்பக்கமிருந்து கதிரைகளை அடுக்கத் தொடங்கினார்கள். ஏசினவர்களும் பஸ்ஸை நினைத்து மெல்ல எழும்பினார்கள். சிலர் மேடையைப் பார்த்துக் கும்பிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள்.

அண்ணன் எழும்பவில்லை. கைக்குட்டையை விலக்கி, துளையில் விரலை வைத்தார். ஏதோ கேட்கப்போகிறார் என்று குனிந்தேன். கேட்கவில்லை. உதடு அசைந்தது. எழுப்பும் பாட்டின் முதல் அடி அது. எனக்கு அது தெரியும், எத்தனை வருடம் கேட்டிருக்கிறேன். காற்று சீறியது, சத்தம் வரவில்லை. மறுபடி பிடித்தார். இரண்டாம் அடிக்குப் போகுமுன்னே இருமல் வந்து, உடம்பே குலுங்கி, துளையிலிருந்து சளி தெறித்தது. அண்ணி அவர் கையைப் பிடித்து இறக்கினார்.

"வேணாங்க. போதுங்க. வேணாம்."

கதிரை அடுக்குகிறவன் வந்து எங்கள் வரிசைக்குப் பக்கத்தில் காத்து நின்றான்.

அவர்களை வீட்டில் விட நானும் பஸ் ஏறினேன். வெளியே மழைத் தூறல். அண்ணன் ஜன்னலோரம், நடுவில் நான், அந்தப் பக்கம் அண்ணி. பஸ் ஊரைத் தாண்டியது. அதன் பிறகு அண்ணி என் பக்கம் திரும்பினார். சாதாரணமாக என்னிடம் குரலை உயர்த்தாதவர்.

"தம்பி, அந்தத் தாள நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க. ஏன் நிப்பாட்டுனாங்கன்னு ஒரு வார்த்த கேக்கக்கூடாதா? உங்ககிட்டயாச்சும் சொல்லியிருக்க மாட்டாங்களா?"

"எங்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கல அண்ணி" என்றேன். யோசிக்காமல் வந்தது. வாத்தியார் குரலில், தெளிவாக வந்தது.

மாசிக்கு ஒரு மாதம் இருக்கும்போது அண்ணன் போய்விட்டார். அதற்குள் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்து, கஞ்சி குடிச்சீங்களா அண்ணே என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை. நான் சொன்ன மாதிரி ஒன்றும் ஆகவில்லைதான். அவர் வியாதியில் போனார், எழுப்பியிருந்தாலும் போயிருப்பார். இதை நூறு தடவை எனக்குச் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவர் கேட்டது உயிரை அல்ல, ஒரு பத்து நிமிசப் பாட்டை.

அன்றைக்கு பஸ்ஸில் நான் பொய் சொன்னதும் அண்ணன் ஜன்னலிலிருந்து திரும்பினார். விரலால் துளையை மூடினார். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு இழுத்து, அண்ணியைப் பார்த்துச் சொன்னார்.

"அவன எதுக்கு ஏசுற. அவன்கிட்ட கேட்டிருந்தா... அவன் விட்டிருப்பானா?"

சொல்லிவிட்டு, விரலை எடுத்து, என் கையைப் பிடித்துக்கொண்டார். தோட்டத்துச் சந்தியில் இறங்கும் வரைக்கும் விடவில்லை.